மண்டபத்தில் பல்பு மாட்டிக் கொடுத்த அண்ணனுக்கு

மரக்காணம் பக்கம் எங்கள் ஊர். பாதிக் குடும்பங்களுக்கு உப்பளத்தில்தான் வேலை. விடியும் முன்பே கிளம்பிப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் கேட்க எங்கே தெம்பு இருக்கும்? 2021 அக்டோபரில் இந்த வட்டாரத்தில்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்றரை மணி நேர வகுப்பு. இடம், கோயில் மண்டபம்.

அடைமழைக் காலத்தில் ஒருநாள் மண்டபத்து ஹோல்டர் புகைந்து விளக்கு போய்விட்டது. என் செல்போன் வெளிச்சத்தில் பதினான்கு தலைகள் முட்டிக்கொண்டிருந்தன. மழைக்கு ஒதுங்கி நின்ற நீங்கள், "இருட்டுல எழுத்து தெரியுதா தங்கச்சி?" என்று கேட்டீர்கள். அப்புறம் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தீர்கள். மெயினை அணைத்து, கருகிய வயரை வெட்டி, புது ஹோல்டர் போட்டு, இரண்டு எல்இடி பல்பும் மாட்டிவிட்டீர்கள்.

வாய் திறந்து படிக்கவே கூச்சப்படும் மூன்றாம் வகுப்புப் பெண்ணிடம் காலி அட்டைப்பெட்டியை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படி பாப்பா" என்றீர்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை. "ஒன்பது... வாட்" என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள். எனக்கு அவள் அதுவரை ஒரு வார்த்தைகூடப் படித்துக் காட்டியதில்லை.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பேரைக் கேட்டேன். மழை விட்டுவிட்டது என்று வண்டியை எடுத்துவிட்டீர்கள். கடைத்தெருவில் விசாரித்தும் ஆள் தெரியவில்லை.

ரொம்ப நன்றி அண்ணா. ஒரு பல்பு இன்னும் எரிகிறது. இன்னொன்றை எங்கள் பையன்கள் பந்தடித்து உடைத்துவிட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.