கிளாக்கரை நடி, மச்சான்

அன்புள்ள மச்சான்,

உன் நாடக எழுத்துரு வந்து சேர்ந்தது, கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றிய நையாண்டி. இங்கே எல்லாரும் சுகம். மாஸ்டருக்கு முழங்கால் நோ, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. "மொன்றியலான் இன்னும் அழுதுதான் நடிக்கிறானோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எழுத்துருவே சொல்லுது.

முதல் இருபது நிமிடத்தை வெட்டு. வதிவிடப் பாடசாலைப் பிள்ளையாக நீ முழந்தாளில் நின்று தாயைக் கூப்பிடுகிற பகுதி முழுவதும் போகட்டும். உன் மயானகாண்டக் குரல் எனக்குத் தெரியாததா? சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாங்கள் நல்ல மனிதர் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகும். நையாண்டி நாடகம் அந்த நிம்மதியைத்தான் குலைக்க வேண்டும். அதோடு, அந்தப் பிள்ளையை நடிக்க உனக்கும் எனக்கும் உரிமை இல்லை. பூர்வகுடி நாடகக் கலைஞர் ஷெர்லி சீச்சூ 1991-இல் 'பாத் வித் நோ மொக்கசின்ஸ்' என்று தனியாக நின்று அந்தப் பாடசாலை வாழ்க்கையைச் சொன்னார் என்றால், அவர் அங்கே படித்தவர். மேற்குக் கரைப் பூர்வகுடிகளின் கொடை விருந்தான போட்லாட்ச் சடங்கை 1885-இலிருந்து 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. ஆட்டமும் முகமூடியும் குற்றமாக இருந்த சனத்தின் மேடையில் நாங்கள் போய் அவர்களின் அழுகையை இரவல் வாங்குவது நல்லாயில்லை.

பூர்வகுடி நாடகக்காரர் கிளிஃப் கார்டினல் செய்ததைக் கவனி. 2021 செப்ரெம்பர், ரொறன்ரோ குரோஸ் தியேட்டர். கொரோனாவால் மூடிக்கிடந்த அரங்குகள் அப்போதுதான் திறக்கின்றன. கம்லூப்ஸ் வதிவிடப் பாடசாலை நிலத்தில் பிள்ளைகளின் புதைகுழிகள் இருக்கலாம் என்ற செய்தி வந்து நாலு மாதம். விளம்பரத்தில் ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இற்', புதுவிதமான மறுகூறல் என்று போட்டிருந்தது. ரிக்கற் வாங்கினவர்கள் ஷேக்ஸ்பியருக்குத்தான் வாங்கினார்கள். அந்த ஆள் திரைக்கு முன்னால் வந்து, வழக்கமான நில அங்கீகாரத்தை, அதாவது இந்த நிலம் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று நிகழ்ச்சிக்கு முன் சொல்லும் வரிகளை, சொல்லத் தொடங்குகிறார். அது முடியவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அதுதான் நாடகம், ஷேக்ஸ்பியர் வரவேயில்லை. ரகசியத்தை வெளியில் விடவேண்டாம் என்று விமர்சகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். பிறகு 2023-இல் மேர்விஷ் நாடக நிறுவனம் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனபோது 'தி லாண்ட் அக்னொலெட்ஜ்மென்ற்' என்று தலைப்பிலேயே போட்டுடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அது வேலை செய்தது என்றால், தந்திரம் ரகசியத்தில் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

வேறு எதில் இருக்கு? சனம் அரை நிமிடம் பொறுத்துக் கேட்கப் பழகிய ஒரு மரியாதைச் சடங்கை எடுத்து, அதை முடிக்க மறுத்ததில் இருக்கு. செலவு ஒரு திரை, ஒரு ஆள். பார்வையாளர் சிரிக்கிறார்கள், பிறகு எதற்குச் சிரித்தோம் என்று பக்கத்துக் கதிரையைப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கதிரை தெரிய வேண்டும் என்றால் மண்டப வெளிச்சத்தை முழுதாக அணைக்கக் கூடாது. நீ எழுத்துருவில் "முழு இருட்டு" என்று ஏழெட்டு இடத்தில் போட்டிருக்கிறாய். இருட்டில் எல்லாரும் ஒளிந்துகொள்வார்கள். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாவது கடைசிவரை சபையில் இருக்கட்டும்.

கார்டினல் தன் சனத்தையும் சேர்த்து நக்கலடிப்பார். அது அவருக்குச் சரி. உனக்கு யார் மிச்சம்? உத்தியோகத்தர்தான். ஆகவே கிளாக்கரை நடி. ஒட்டாவாவில் இந்தியர் விவகாரத் திணைக்களத்தில் ஒரு மேசை, ஒரு பேரேடு, ஒரு றப்பர் முத்திரை. அவன் கெட்டவன் இல்லை, நேரத்துக்கு வேலைக்கு வருகிறவன், கையெழுத்து வடிவானது. எங்கள் ஊர் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரை நீ நல்லாய்ச் செய்வாய், அந்த உடம்பு உன்னிடம் ஏற்கெனவே இருக்கு.

அவனுக்குத் தேவையான பகிடி எல்லாம் பதிவேட்டிலேயே இருக்கு. 1892-இலிருந்து அரசாங்கம் பாடசாலைக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. பிள்ளை குறைந்தால் பணம் குறையும். ஆகவே அதிபர்மார் காசநோய் பிடித்த பிள்ளையையும் சேர்த்தார்கள், நெருக்கி அடைத்தார்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றியது. இதைக் கிளாக்கர் கணக்காகவே சொல்லட்டும்: படுக்கை இத்தனை, தலை இத்தனை, ஆகவே ஒரு படுக்கைக்கு இரண்டு தலை, மிச்சம் இலாபம். சனம் சிரிக்கும். பிறகு டொக்டர் பீற்றர் பிறைஸ் வருகிறார், 1907. திணைக்களத்தின் தலைமை மருத்துவர். மேற்கு மாகாணங்களில் 35 பாடசாலைகளைப் பார்த்துவிட்டுக் கேள்விப் படிவம் அனுப்புகிறார். பதில் தந்தவை 15. அந்தப் பதினைந்தில் மொத்தம் 1,537 பிள்ளைகள், அதில் 24 வீதம் இறந்துபோயினர். கிளாக்கர் அந்த 24-ஐப் பேரேட்டில் பதிகிறான். பிறகு மற்ற 20 பாடசாலைக்கும் "படிவம் இன்னும் வந்துசேரவில்லை" என்று நினைவூட்டல் எழுதுகிறான். அவனுக்குப் பெரிய குறை அதுதான்.

இந்த இடத்தில் நீ பிழை விடுவாய் என்று எனக்குப் பயம். எண்ணைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதே, நிறுத்தாதே, வயலின் போடாதே. இசை வந்த உடனே "இப்போது அழவேண்டும்" என்று சபைக்கு அனுமதி கிடைத்துவிடும். படுக்கைக் கணக்குச் சொன்ன அதே வேகத்தில் 24-ஐச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போ. முந்திய பகிடிகளுக்கு, சிரிப்புப் பாதிக்கு இறங்கும்வரை பொறுத்துப் பிறகு பேசு. முழுதாக அடங்கவிட்டால் அடுத்த வரி தூக்காது. எண்ணுக்கு மட்டும் பொறுக்கவே வேண்டாம்.

முத்திரையைப் பற்றியும் ஒரு விசயம். மேடை உள்ளே பொள்ளல் என்றால் மரமேசையில் குத்தும் ஒவ்வொரு முறையும் பறை மாதிரி அதிரும், வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும். மேசைக்காலுக்குக் கீழே தடித்த கம்பளித் துண்டு வை. சொல் முதலில், அரை மூச்சு, பிறகு குத்து. மூன்று விண்ணப்பத்துக்குக் குத்திவிட்டு நாலாவதைக் குத்தாமல் பேரேட்டை மூடினால் சனம் தானாக அந்தச் சத்தத்தைத் தேடும்.

பெற்றோரை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருந்தாய். அவர்கள் குரலில் பேசாதே. கடிதத்தைக் கிளாக்கர் மௌனமாக வாசிக்கட்டும், பதிலை மட்டும் உரத்துச் சொல்லி எழுதட்டும். "தங்கள் மகளின் உடலை அனுப்புவதற்கான ரயில் கட்டணம் எமது ஒதுக்கீட்டில் இல்லை" என்ற மாதிரி. கேள்வியைச் சபை தானே கட்டிக்கொள்ளும். மேலதிகாரி டங்கன் கம்பெல் ஸ்கொட் வருவதாகக் காட்டும்போது மட்டும் எழும்பி, இடப்பக்கம் உன் தலைக்கு ஒரு சாண் மேலே ஒரே புள்ளியைப் பார். அந்தப் புள்ளி ஒவ்வொரு ஒத்திகையிலும் மாறினால் மனிதர் மேடையில் அலைவார். இந்த ஸ்கொட் கவிஞர், தெரியுமா? பாடப்புத்தகத்தில் வந்த கவிஞர். 1913-இலிருந்து 1932 வரை திணைக்களத்தை நடத்தினார். பிறைஸின் அறிக்கைகள் இனித் தேவையில்லை என்றார். 1920-இல் 7 முதல் 15 வயதுவரை கட்டாய வருகைக்குச் சட்டம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஒட்டாவாவில் ஒரே பீச்வூட் மயானத்தில் அடக்கம். (உனக்கு மயானகாண்டம் வேண்டுமென்றால் அங்கே வை!)

திருத்தவேண்டிய பிழைகள் இரண்டு. கம்லூப்ஸ் பற்றி "215 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன" என்று எழுதியிருக்கிறாய். தோண்டவில்லை. நிலத்தடி ராடார் காட்டியது சாத்தியமான புதைகுழிகளை. பிறகு அந்தச் சமூகமே எண்ணை 200 என்று திருத்தியது. இப்படி ஒரு வரி பிழைத்தால், எல்லாமே பொய் என்று சொல்லக் காத்திருக்கிற ஆட்களுக்கு அதுவே போதும். ஆவணங்களில் உறுதியான இறப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கு, அதைச் சொல். மற்றது, நாடகத் தொடக்கத்தில் எங்கள் ஸ்காபரோ மண்டபத்து நில அங்கீகாரத்தை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறாய். மச்சான், மொன்றியலுக்கு அந்த ஒப்பந்தமே கிடையாது! அதைவிடப் பகிடி, ஸ்காபரோவிலும் அது அரைகுறை. ரொறன்ரோ நிலத்தைப் பற்றிய 13-ஆம் ஒப்பந்தத்தை மட்டும் வாசிக்கிறார்கள், கிழக்குப் பக்கம் 1923 வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகுது. ரொறன்ரோ நிலத்தைப் பூர்வகுடிகளிடம் வாங்கியதாக 1805-இல் 10 சிலிங்குக்கு உறுதிப்படுத்தினார்கள். அதற்கு 2010-இல் 145 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். வீட்டு விலை கதைக்காமல் ஒரு கல்யாண வீடு முடியாத எங்கள் சனத்துக்கு அந்த 10 சிலிங் சரியாகப் போய்க் குத்தும். கிளாக்கரின் வாயில் வை.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நாடகம் முடிய எங்கள் தமிழ் ஆட்கள் எழும்பி "ஊரில் எங்களுக்கும் இதேதான் நடந்தது" என்பார்கள். நடந்ததில் பொய்யில்லை. ஆனால் அந்த வரி வந்ததோடு மேடையில் இருந்த பிள்ளைகள் போய்விடுவார்கள், நாங்கள்தான் மிச்சம் இருப்போம். இங்கே நாங்கள் வந்து குடியேறினவர்களும்தான். 2021 ஜூனிலிருந்து குடியுரிமைச் சத்தியத்தில் பூர்வகுடிகளின் உரிமையை மதிப்பதாகச் சொல்லவேண்டியிருக்கு. வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 94 செயல் அழைப்புகளில் கடைசி அது. கடைசிக் காட்சியில் கிளாக்கர் பேரேட்டை மூடிவிட்டு, சபையை எழும்பச் சொல்லி, அந்தச் சத்தியத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்லவைக்கட்டும். பாதிப் பேர் ஏற்கெனவே ஒருமுறை சத்தியம் பண்ணினவர்கள். யோசித்துப் பார்.

மண்டபத்துக்காரரிடம் கேட்கவேண்டியவை: கதவுப் பக்கம் ஒரு அமைதியான அறை, இடையில் எழும்பிப் போகிறவர்களுக்குத் திறந்த வழி, அன்று முழுக்க ஒரு உளவள ஆலோசகர். எச்சரிக்கையை ரிக்கற்றிலேயே அச்சடி, வாசலில் சொன்னால் பிந்திவிடும். பூர்வகுடி மூதாளர் ஒருவரை அழைப்பதென்றால் அந்தச் சமூகத்தின் முறையைக் கேட்டு நட, மதிப்பூதியம் கொடு. சடங்குக்குச் சேஜ் இலைப் புகை போடுவதாக இருந்தால் புகையை உணரும் எச்சரிக்கைக் கருவியை நிறுத்த மண்டபத்துக்கு முன்கூட்டியே அறிவி, இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டிதான் முதல் வரிசையில் இருக்கும். நாடகம் முடிந்த உடனே மைக்கை நீட்டி "உங்கள் அனுபவம்?" என்று யாரையும் கேட்காதே. 65 நிமிடத்துக்கு மேல் போகாதே.

திருத்தின எழுத்துருவை மாஸ்டருக்கும் ஒரு பிரதி அனுப்பு, பெரிய எழுத்தில். வெட்டின இருபது நிமிடத்தைப் பின்கதவால் திரும்பக் கொண்டுவந்தால் திரை இழுக்க நான் வரமாட்டேன்.

அன்புடன்,
உன் திரைக்காரன்