எழுதி வைத்தவர் எவருமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஜா புயல் டெல்டாவின் பறவைகளை என்ன செய்தது என்று ஆராயும் கட்டுரை ஒன்று சென்ற மாத இதழில் வந்திருந்தது. அதில், "புயலுக்கு முன் இங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் எந்தெந்தப் பறவைகள் இருந்தன என்று எழுதி வைத்தவர் எவருமில்லை" என்கிறது ஒரு வாக்கியம். கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தமில்லை. இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனவர் அவர். ஆனால் மன்னார்குடியில் எங்கள் கொல்லையின் 12 ஆண்டுக் குறிப்புகளை 14 பக்கங்களில் படியெடுத்து, 2019 ஜனவரியில் பதிவுத் தபாலில் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியவள் நான். தங்கள் அலுவலக முத்திரையோடு திரும்பி வந்த ஒப்புகை அட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த 'எவருமில்லை'யில் நானும் அடக்கம் என்று தெரிந்துகொண்டேன்.

அரிசி ஆலையில் கணக்கெழுதுவது என் தொழில். வரவில்லாத நாளிலும் 'இல்லை' என்று எழுதித்தான் பேரேட்டை மூட வேண்டும் என்பது நான் அங்கே கற்ற முதல் பாடம். 2006-இல் கொல்லைக்கும் அதே முறையில் ஒரு பேரேடு போட்டேன். அதன் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் தலைகாட்டும் புரட்டாசியில் தொடங்கி ஆவணியில் முடியும். விடிந்ததும் துவைக்கிற கல்லருகே கால் மணி நேரம், விளக்கு வைக்கும் வேளையில் கால் மணி நேரம் நிற்பேன். வந்தது எது, எத்தனை, எந்த மரம், மழை உண்டா என்று எழுதுவேன்; வழக்கமாக வருவது வராவிட்டால் அதற்கும் ஒரு வரி உண்டு. கீரிப்பிள்ளை, சாரைப்பாம்பு, ஓட்டின் மேல் நடந்து தூக்கத்தைக் கெடுக்கும் மரநாய், எலுமிச்சையை மொட்டையடித்த புழு பட்டாம்பூச்சியாகிப் பறந்த நாள் எல்லாமே அதில் இருக்கின்றன.

ஆறுமணிக்குருவியைத் தாங்கள் அறியாதவரல்லர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் அது, காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயரைப் பெற்றது. சருகைக் கிளறி இரை தேடும் பறவையாதலால், பூவரசடியில் விழும் சருகை நான் கூட்டுவதில்லை. அதற்காகத் தெருவில் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். 12 பருவங்களில் ஒன்றில்கூட அது வராமல் இருந்ததில்லை. 2018-இல் அக்டோபர் 9-ஆம் தேதி வந்தது. நவம்பர் 16 விடியலில் கஜா புயலில் பூவரசும் இரண்டு தென்னைகளும் சாய்ந்தன; மூன்றாவது தென்னை தலை முறிந்து நின்றது. மறுநாள் காலை அந்தக் குருவி குளியலறை வாளிக்குப் பின்னால் நனைந்து ஒடுங்கியிருந்தது. மாலையில் எழுந்து பறந்தது. அடுத்த இரண்டு பருவங்களிலும் அதன் பெயருக்கு நேரே 'இல்லை' என்றே எழுதினேன். கொய்யாவும் செம்பருத்தியும் அடர்ந்து நிழல் கட்டிய பிறகு, 2021 அக்டோபரில்தான் மறுபடி அதன் குரலைக் கேட்டேன். பட்ட கிளையில் பொந்து குடையும் செம்மார்புக் குக்குறுவான் இன்றுவரை திரும்பவில்லை. மொட்டைத் தென்னையிலோ மைனாவும் கிளியும் பொந்துக்காகச் சண்டையிட்டன; கிளி வென்றது. தங்கள் கட்டுரை, "சில மாதங்களிலேயே பறவைகள் மீண்டுவிட்டன" என்று முடிகிறது. எந்தப் பறவைகள், ஐயா?

இதற்கு மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். ஆண்டுதோறும் உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று, செல்போன் கோபுரம் சிட்டுக்குருவியைக் கொன்றுவிட்டதாக இரங்கல் எழுதுகிறீர்கள். எங்கள் தெருக் கோபுரத்துக்கு எதிர்வீட்டு மின் மீட்டர் பெட்டியில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததை எழுதியனுப்பினேன், பதிலில்லை. மாம்பழச்சிட்டின் படத்துக்கு மாங்குயில் என்று பெயரிட்டீர்கள். முன்னது சிட்டளவு, பின்னது மைனாவளவு, மஞ்சள் மட்டும்தான் பொது. பறவை என்றாலே கோடியக்கரைப் பூநாரை, வடுவூர் ஏரி என்று சரணாலயம் தேடிப் போகிறீர்கள். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில், தோட்டத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணுகிறவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை மதிப்பிட முடிந்ததும், ஆர்வத்தின் பேரில் எண்ணி எழுதிய 30,000 பேரின் குறிப்புகளால்தான். ஆனால் என் 14 பக்கங்களைப் பற்றி விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்தபோது தங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில், "கோலம், கைவைத்தியம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் அம்மா, மகளிர் பக்கத்தில் போடலாம்" என்பது. அந்த அன்புக்கு நன்றி. எங்கள் வீட்டில் கோலம் போடுவது என் கணவர்.

மறுப்போ வருத்தமோ வெளியிடும்படி நான் கேட்கவில்லை. அந்தப் படிகள் எந்த அலமாரியிலாவது கிடந்தால் தேடித் திருப்பி அனுப்பினால் போதும். 2014-ஆம் ஆண்டு நோட்டைக் கரையான் அரித்துவிட்டது (அந்தக் கரையானையும் பேரேட்டில் ஏற்றியிருக்கிறேன்). அந்த ஆண்டுக்குத் தங்களிடம் உள்ள படியைத் தவிர வேறு சான்றில்லை. தபால்தலை ஒட்டிய உறையை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
மன்னார்குடி