ஐம்பது சுற்றுக்கு விளக்கு எரியாது

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த மின்காந்தத் தூண்டல் (காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்குவது) செய்முறையில், பி.வி.சி. குழாயில் 50 சுற்று கம்பி சுற்றி, உள்ளே காந்தத்தை விட்டு ஆட்டினால் எல்.இ.டி. எரியும் என்று இருந்தது. எரியாது. செய்து பார்க்கும் பிள்ளை தன் கைவேலைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். தப்பு கணக்கில் இருக்கிறது.

10 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்த வில்லைகள் நான்கை அடுக்கினால் 20 மி.மீ. தண்டு கிடைக்கும். அதைச் சூழ்ந்த ஒரு சுற்றின் வழியே போகும் காந்தப்பாயம், அதாவது காந்தப்புலத்தின் மொத்த அளவு, உத்தேசமாக 50 மைக்ரோவெபர். 5 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே காந்தத்தின் வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தொடும். சுருளுக்குள் நுழைய 25 மில்லிநொடி ஆகும். பாயம் மாறும் வேகமே மின்னழுத்தம் என்ற ஃபாரடே விதிப்படி வகுத்தால் ஒரு சுற்றுக்கு 2 மில்லிவோல்ட், 50 சுற்றுக்கு 0.1 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்கே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். அப்படியானால் 900 சுற்று. கொஞ்சம் தாராளமாக 1200 சுற்றிவிடுவது நல்லது.

36 கேஜ் எனாமல் கம்பி மோட்டார் வைண்டிங் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். 15 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயில் 1200 சுற்றுக்கு 70 மீட்டர் சொச்சம் பிடிக்கும். எடை 20 கிராம்தான். மின்தடை 40 ஓம் அளவில் இருக்கும். மின்னோட்டத்தை அதுவே மட்டுப்படுத்திவிடும், தனி ரெசிஸ்டர் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது சுருளின் அகலத்தில். அழகாக இருக்கட்டும் என்று 15 செ.மீ. குழாய் முழுக்கப் பரப்பிச் சுற்றுவார்கள். காந்தம் முழுவதும் சுருளுக்குள் போய்விட்டால், முன்னால் உள்ள சுற்றுகளில் பாயம் கூடும், பின்னால் விட்டுவந்த சுற்றுகளில் அதே அளவு குறையும். இரண்டிலும் எழும் மின்னியக்கு விசைகள் (தூண்டப்படும் வோல்டேஜ்) எதிரெதிர், கூட்டினால் பூஜ்யம். எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் சரி, ஓரங்களைத் தாண்டாதவரை ஒன்றும் வராது. எனவே 1200 சுற்றையும் 15 மி.மீ. அகலத்துக்குள் அடுக்கடுக்காக, ஒரே திசையில் சுற்ற வேண்டும். நடுவில் திசை மாறினால் பாதி சுருள் மீதிப் பாதியைத் தின்றுவிடும்.

கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் தேய்த்து, செம்பு பளபளக்கும்வரை எடுத்த பிறகே இணைக்க வேண்டும். அலுமினியக் குழாய் கூடாது. அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து காந்தத்தின் வேகத்தையே வெகுவாகக் குறைத்துவிடும்.

சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என இரண்டு எல்.இ.டி.களை ஒன்றுக்கொன்று தலைகீழாக, இணையாகப் பொருத்துங்கள். காந்தம் நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது மற்றொன்றும் மின்னும். பாயத்தின் மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே மின்னோட்டம் எழும் என்ற லென்ஸ் (Lenz) விதியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாக எரிவதுபோல் தோன்றலாம். கைப்பேசியில் நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் படமெடுத்தால் பிரிந்து தெரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளவைப் புதுப்பிக்கும். 25 மில்லிநொடித் துடிப்பு அதற்குச் சிக்காது.

செய்முறையோடு வந்த படமும் தவறு. அதில் காந்தம் சுருளுக்குள் அசையாமல் நிற்கிறது, மின்னோட்டம் காட்டும் கால்வனோமீட்டரின் முள் மட்டும் விலகி இருக்கிறது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே தன் இரும்பு வளையச் சோதனையில் (ஒரே வளையத்தில் இரண்டு சுருள்; ஒன்றில் மின்கலம், மற்றதில் முள்) கண்டதே இதற்கு நேர்மாறானது: மின்கலத்தை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும்தான் முள் துள்ளியது, இடையில் சும்மா கிடந்தது.

திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள். குழாயின் இரு முனைகளையும் மூடி ஒட்டச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள். இந்த வில்லைகள் இரண்டைச் சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால், அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆய்வகப் பயிற்றுநர்,
தஞ்சாவூர்.