அரை மைல்தான், ஆனால் சக்கர நாற்காலி ஏறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில், "கிளிங்மன்ஸ் டோம்" என்ற சிகரத்தின் உச்சியில் உள்ள பார்வைக் கோபுரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் என் வயதுக்காரர்கள் அதை வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். "அரை மைல்தான், தளம் போட்ட பாதை, சக்கர நாற்காலியிலும் போகலாம்" என்று அதில் இருக்கிறது. முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு.

என் வீட்டுக்காரர் மூட்டு அறுவை சிகிச்சை ஆனவர். சென்ற மே மாதம் அட்லாண்டாவிலிருந்து மகன் எங்களை அழைத்துப்போனபோது, காரில் ஒரு சக்கர நாற்காலியையும் மடக்கிப் போட்டுக்கொண்டோம். அது காரிலேயே இருந்தது. அந்த 800 மீட்டருக்குள் 330 அடி ஏற வேண்டும், ஏறக்குறைய முப்பது மாடி உயரம். சக்கர நாற்காலிக்கு ஏற்ற சரிவல்ல என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. இவர் கைத்தடியை ஊன்றி, வழியில் பெஞ்சு வந்தபோதெல்லாம் உட்கார்ந்து, ஐம்பது நிமிடத்தில் ஏறினார். "கல்யாண தீர்த்தத்துக்கு ஏறின மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் கோபுரம் வேறு இருக்கிறது. 1959-ல் கட்டிய 45 அடி உயரக் கான்கிரீட் கோபுரம். நல்லவேளையாகப் படிகள் கிடையாது, வளைந்து ஏறும் சாய்தளம்தான். மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம்.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று, சாலை. நியூஃபவுண்ட் கேப் கணவாயிலிருந்து உச்சிக்குப் பிரியும் ஏழு மைல் சாலையை டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடிவிடுகிறார்கள். முதல் தடவை நாங்கள் போனது டிசம்பரில். நாலு மணி நேரம் காரில் உட்கார்ந்து போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினோம். பேரன் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.

இந்த முறை அடிவாரத்தில் செரோக்கி ஊரில் இரவு தங்கினோம். விடிந்ததும் கணவாயில் உள்ள கேமரா படத்தை இணையத்தில் பார்த்து, மேகம் விலகியதும் கிளம்பினோம். உச்சி 6,643 அடி, கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் குளிர் அதிகம். அட்லாண்டாவில் ஃபேன் போட்டுத் தூங்கியவர்களுக்கு மேலே ஸ்வெட்டர் போதவில்லை. பூங்காவில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் நாளுக்கு 5 டாலர் சீட்டு வாங்கிக் காரில் வைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் செல்போன் எடுக்காது என்பதால் எல்லாவற்றையும் கீழேயே முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீரும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கோபுரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் மலை, மலைக்குப் பின் மலை, தூரம் போகப்போக நீலம். பாதையோரம் பட்டுப்போன மரங்கள் வெள்ளை வெள்ளையாக நின்றதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. ஃபிரேசர் ஃபர் என்ற மரமாம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பூச்சி சாற்றை உறிஞ்சி அந்தக் காட்டையே அழித்திருக்கிறது. காலடியில் இளங்கன்றுகள் முளைத்திருந்தன. அவற்றை மிதிக்காமல் பாதையிலேயே நடக்க வேண்டும் என்று பேரனிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டான்.

கடைசியாகப் பெயர். கட்டுரை முழுக்க "கிளிங்மன்ஸ் டோம்" என்றே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் தளபதி ஒருவருடைய பெயர் அது. அந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் கேட்டுக்கொண்டபடி 2024 செப்டம்பர் 18 முதல் அந்தச் சிகரம் மறுபடியும் "குவோஹி". முசுக்கொட்டை மரங்கள் உள்ள இடம் என்று பொருள். 1838-ல் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது தப்பியவர்கள் ஒளிந்துகொண்ட மலைகள் இவை. அஞ்சலகத்தில் முப்பது வருஷம் ஊர்ப்பெயர்களோடு வாழ்ந்தவள் நான். ஓர் இடத்தை அங்கே இருப்பவர்கள் அழைக்கும் பெயரிலேயே அச்சிடுங்கள்.

பொங்கல் கழித்து இங்கிருந்து கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் போய் இறங்கும்போது அந்த கேட் பூட்டியிருக்கும். அடுத்த ஞாயிறே திருத்தம் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
கல்லிடைக்குறிச்சி