தம்பிக்கு, அம்மாவின் பிரஷர் மெஷினோடு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

"அப்பாவுக்கு பிரஷர், தாத்தாவுக்கும் பிரஷர். நமக்கும் வந்துதானே தீரும்? வேலையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது அக்கா?" என்று நேற்று போனில் கேட்டாய். பாதிதான் சரி.

ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் வேறுபடுவதில் 30 முதல் 50 சதவீதம் வரை பரம்பரையின் பங்கு என்கிறார்கள். ஆனால் அது ஒற்றை மரபணுவின் வேலையில்லை. நூற்றுக்கணக்கானவை சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றிவிடுகின்றன.

ஒரு எலிக் கதை சொல்கிறேன். 1963-ல் ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோ, அவோக்கி என்ற இருவர், பிறவியிலேயே பிரஷர் ஏறும் எலி வகையை உருவாக்கினார்கள். அதைச் சாதாரண எலியோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்கும். சும்மா விட்டால் பெரிதாக ஏறாது. தினமும் மின்அதிர்ச்சி கொடுத்து நெருக்கினால் ஏறிவிடும். நம் அம்மாவுக்கு இன்றைக்கும் 110/70. அப்படியானால் நாம் யார்? அந்தக் கலப்புக் குட்டிகள்தான்!

மேனேஜர் கூப்பிட்டதும் அட்ரினலின் சுரக்கிறது, ரத்தக்குழாய் இறுகுகிறது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது. பலருக்கு இது சீக்கிரம் வடிந்துவிடும். நம்மைப் போன்ற குடும்பத்தில் சிலருக்கு வடிய நேரமாகும், அதற்குள் அடுத்த போன் கால் வந்துவிடும். வேலை அதிகம் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. வேலை கழுத்தை நெரிக்கும்போது, அதை எப்படி, எப்போது செய்வது என்பதில் முடிவெடுக்கும் உரிமை நமக்கு இல்லாததுதான் மோசம் என்று கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதினார். உன் டார்கெட்டை நீயா வைக்கிறாய்?

எனக்கு நடந்ததையும் கேள். சனிக்கிழமை கிளினிக்கில் எப்போதும் 124/80. நிம்மதியாக இருந்தேன். ஒரு புதன்கிழமை டிபன் பையில் மெஷினை வைத்து எடுத்துப் போனேன். மீட்டிங் முடிந்து, ஃபைல் அறையில் பழைய நாற்காலியில் உட்கார்ந்து பட்டையைச் சுற்றினேன்: 152/96. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாதே என்று இரண்டு வாரம் எழுதி வைத்தேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் டாக்டர் மாத்திரைப் பேச்சையே எடுத்தார்.

சரி, அம்மாவின் மெஷின் அலமாரியில் சும்மா கிடந்தது, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆபீஸ் நாளில் மதியம், காபி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து அளந்து வாட்ஸாப்பில் போடு. பேட்டரி பழசு, மாற்றிக்கொள்.

அக்கா