காபரேற்றரையும் படிப்பியுங்கள்

யாழ்ப்பாணத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் சைக்கிள் திருத்தம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் மெக்கானிக் இல்லை. கோண்டாவிலில் இருக்கிறேன், கணக்கெழுதிப் பிழைக்கிறேன். எங்கள் வீட்டு விறாந்தையில் நாற்பது வருடமாக ஒரு ஹொண்டா எம்டி 90 நிற்கிறது. அப்பா அதைப் பழசாகத்தான் வாங்கினார். அவருக்குப் பிறகு நான் ஓடுகிறேன். உங்களுக்கு எழுத எனக்கிருக்கிற தகுதி இவ்வளவுதான்.

போன மாரிக்கு முதல் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விசயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் மகன் புது வண்டி ஒன்று வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம், நல்ல வண்டி. கொம்பியூட்டர் அளந்து பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்சன், முன்னுக்கு டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், மீற்றரில் கலர் கலராக எழுத்து எல்லாம் உண்டு. உதைக்கிற கிக்கர் மட்டும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலணையில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டு, பொழுதுபட்ட நேரம் பண்ணைப் பாலத்தால் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நடுவழியில் அவனுடைய வண்டி இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. மீற்றரில் ஒரு மஞ்சள் லைற். அவன் பட்டனை அமத்த அமத்த எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பற்றரியும் இறங்கி, டிக் டிக் என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. இரண்டு பக்கமும் கடல், உப்புக் காற்று, இருட்டப் போகிறது.

"என்னடா பிழை?" என்று கேட்டேன்.

"ஸ்கானர் போட்டால்தான் தெரியும் மாமா."

சரி என்று அவனை வண்டியில் இருத்தினேன். என் எம்டியைப் பக்கத்தில் கொண்டுபோய், வலது காலை அவனுடைய பின் ஃபுட்ரெஸ்றில் ஊன்றித் தள்ளிக்கொண்டே கோட்டையடி வரைக்கும் வந்தேன். இரண்டாம் கியரில், ஆமை வேகத்தில். 90 சிசிக் கிழவன் 150 சிசி இளந்தாரியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து பஸ்ஸில் போன சனம் சிரித்தது. மருமகன் ஹெல்மெற்றின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

உங்களுக்கு எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். வண்டியை ஒரு பெரிய இடத்தில் கொண்டுபோய் விட்டான். வண்டியின் கொம்பியூட்டரோடு கொழுவிப் பிழையை வாசிக்கிற ஸ்கானரைப் போட்டார்கள். கலவையில் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு என்று குறி வந்தது. புகையில் ஒட்சிசனை அளக்கிற சென்சர்தான் பிழை என்று முடிவெடுத்துக் கொழும்புக்குச் சொல்லியனுப்பினார்கள். சென்சர் வர பதினொரு நாள். மாற்றிய மூன்றாம் நாள் அதே மஞ்சள் லைற் திரும்பவும் எரிந்தது.

பிறகு நான் அதை எங்களூர் மாமரத்தடிக் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருக்கிற அண்ணைக்கு அறுபது தாண்டிவிட்டது. ஸ்கானரைக் கண்டால் ரிவி ரிமோட் என்பார். எஞ்சினை ஓட விட்டார். ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர் எடுத்து, மூடியில் துளை போட்டு, எஞ்சினுக்குக் காற்றுப் போகிற இடத்து ரப்பர் மூட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் சத்தம் மாறியது. கையை எடுத்தார், பழைய சத்தம் வந்தது. திரும்ப விட்டார், திரும்ப மாறியது. ரப்பரில் மயிரிழை வெடிப்பு. அதுக்குள்ளால் களவாகக் காற்றுப் போயிருக்கிறது. சென்சர் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. கேட்டவர்களுக்குத்தான் விளங்கவில்லை.

இவ்வளவுக்கும் அந்த அண்ணை இன்ஜெக்சன் படித்தவர் இல்லை. காபரேற்றர், அதாவது கொம்பியூட்டர் இல்லாமல் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற பாகம், இருக்கிற பழைய வண்டிகளில் இந்த வெடிப்பை எத்தனையோ தரம் பார்த்தவர். காற்று, பெற்றோல், நெருப்பு மூன்றும் எந்த இடத்தில் எப்படிச் சந்திக்கின்றன என்பது அவருடைய கையில் இருக்கிறது. அந்தக் கராஜில் அப்போது பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பொடியன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நல்ல கெட்டிக்காரன், கொம்பியூட்டரில் விரல் நடனமாடும். ஆனால் ஒரு காபரேற்றரைத் தன் கையால் கழற்றிப் பூட்டியதில்லை என்றான். "படத்தில பாத்தனான் அண்ணை" என்றான். எங்கே படித்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் இங்கே எழுதமாட்டேன். ஒரு நிலையத்தின் குறை என்று நான் இதை நினைக்கவில்லை. எல்லாரும் புது வண்டிக்குத் தயாராகிற அவசரத்தில் நழுவவிட்ட ஒன்று.

எனக்கேன் பழைய வண்டி பிடிக்கும் என்று சொன்னால், நான் கேட்கப்போவது உங்களுக்கு விளங்கும்.

எம்டி 90 ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த வண்டி. 1971இலிருந்து ஹொண்டா அதைச் செய்தது. 1958இல் வந்த சூப்பர் கப்பின் வம்சம். அந்தச் சூப்பர் கப் குடும்பம் 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. தபால்காரர் ஒரு நாளைக்கு நூறு படலையில் நிற்பார், நூறு தரம் எடுப்பார். இடது கையில் கிளச் இல்லை, காலால் கியரைத் தட்டினால் போதும். மழை, சேறு, சுமை எல்லாவற்றையும் தாங்குகிறமாதிரிச் செய்திருக்கிறார்கள். ஒசாக்காவில் கடிதம் கொடுக்கச் செய்த வண்டி யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் என்ன பாடுபடப்போகிறது என்று அந்த எஞ்சினியர்மாருக்குத் தெரிந்திருக்காது.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதோடு எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா வண்டியை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஊரே அப்படித்தான் ஓடியது. ஒஸ்ரின் கார், மொறிஸ் மைனர், சிடி 125 என்று கிடந்ததெல்லாம் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் இலேசில் ஆவியாகாது. எஞ்சின் சூடேறினால்தான் அதை எரிக்கும். ஆகவே முதல் சூட்டுக்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அந்தக் கொஞ்சத்தை அப்பா ஒரு இருமல் மருந்துப் போத்தலில் வைத்து, சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தார். வீட்டில் நகைக்குக்கூட அந்தக் காவல் இல்லை.

காலையில் வேலை இப்படி நடக்கும். காபரேற்றரின் அடிக்கிண்ணத்து ஆணியைத் தளர்த்தி, இரவு தேங்கிய மண்ணெண்ணெயைப் பால்மா ரின்னில் பிடிப்பேன். ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது. அது திரும்பத் தாங்கிக்குள் போகும். பிளக்கைக் கழற்றி, கரியை அரத்தாளால் தேய்த்து, அடுப்புத் தணலில் கொஞ்சம் காட்டிச் சூடாகவே பூட்ட வேண்டும். அப்பா காற்று ரப்பரை விலக்கி, மருந்துப் போத்தல் மூடியால் ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றரின் வாய்க்குள் விடுவார். நான் உதைப்பேன். பிடித்தால் அன்றைக்கு அப்பா வேலைக்கு வண்டியில் போவார். பிடிக்காவிட்டால் சைக்கிள்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு நல்லதென்று நான் சொல்லவரவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அப்பா ஒயில் கம்பியை எடுத்து மணந்து பார்த்துத்தான் மாற்றுகிற நாளைச் சொல்லுவார். ஆனால் பதினைந்து வயதில் எனக்கு எஞ்சின் என்றால் என்ன என்று விளங்கியது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் படித்த ஆவியாதல், அமுக்கம், தகனம் எல்லாம் எங்கள் விறாந்தையில் புகையாக எழும்பின.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அதே வண்டியில் அப்பம்மாவை இருத்தி, முன்னுக்கு அரிசி மூட்டையைக் கட்டி, நாவற்குழிப் பாலத்தால் தள்ளிக்கொண்டு போனோம். தாங்கியில் எண்ணெய் இருந்தது. அந்தச் சன நெரிசலில் ஓட்ட இடமில்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒளிக்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. என் எம்டியின் டிரம் பிரேக் மழையில் நனைந்தால் கடவுளே துணை. ஹெட்லைற் மின்மினிக்குச் சொந்தக்காரன். புது வண்டியின் எஞ்சின் சுத்தமாக எரிக்கிறது, ஏபிஎஸ் உயிரைக் காக்கிறது. என் மகள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது நான் புது ஸ்கூட்டர்தான் வாங்கிக் கொடுத்தேன். எம்டியைக் கொடுக்க மனம் வரவில்லை என்று மனிசி பகிடி பண்ணுவாள். உண்மை அதுவல்ல. மகளுக்கு நல்ல பிரேக் வேண்டும்.

2022இலும் எம்டி என்னைக் கைவிடவில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலம். என்னுடையது அந்த நாலு லீற்றரில் ஒரு கிழமை ஓடி, மிச்சமும் வைத்தது. ஆனால் இந்த முறை மண்ணெண்ணெய்க் கைமருந்து பலிக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கே வரிசை, கடற்தொழிலாளர் கலன்களோடு காய்ந்துகொண்டு நின்றார்கள். அந்த ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது.

2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கடந்த ஐந்தாறு வருடமாக ஊரில் பழைய வண்டிகளுக்குத்தான் மவுசு. கொட்டிலில் கோழி அடைகாத்த வண்டிகளெல்லாம் வெளியே வந்து பெயின்ற் அடித்துக்கொண்டன. இப்போது இறக்குமதி திறந்தாயிற்று, புது வண்டிகள் வருகின்றன, வரட்டும். ஆனால் ஊரில் ஓடுகிற வண்டிகளில் காபரேற்றர் வண்டிகள் இன்னும் எத்தனை என்று உங்கள் நிலையத்து வாசலில் அரை மணித்தியாலம் நின்று எண்ணிப் பாருங்கள். அவற்றைத் திருத்துகிற அண்ணைமார் எல்லாருக்கும் என் வயது, அல்லது அதற்கு மேலே. மாமரத்தடி அண்ணைக்குக் கண்ணில் வெண்புரை. இப்போதெல்லாம் காபரேற்றருக்குள் பெற்றோல் போகிற ஜெற்றின் துளையை என்னைப் பார்க்கச் சொல்கிறார்.

ஆகவே நான் கேட்பது: உங்கள் மாணவர்கள் ஸ்கானரைத் தொடுவதற்கு முதல், ஒரு காபரேற்றரை முழுவதுமாகக் கழற்றிப் பூட்டட்டும். படத்தில் வேண்டாம், மேசையில். புளோற் என்கிற மிதவையைத் தூக்கிப் பெற்றோல் நிற்கிறதா என்று வாயால் ஊதிப் பார்க்கட்டும். காற்று ஆணியைக் கால் சுற்று விட்டு, கால் சுற்று இறுக்கி, எஞ்சினின் சத்தம் எங்கே இளகுகிறது, எங்கே இறுகுகிறது என்று காதால் பிடிக்கட்டும். பிளக்குக்கு நெருப்புப் பொறியைக் கிளப்புகிற பொயின்றின் இடைவெளியை ஒரு தரமாவது தகட்டுக் கேஜ் வைத்து அளந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகு ஸ்கானர் "காற்றுக் கூட" என்று சொன்னால், அந்தப் பிள்ளை சென்சருக்குக் கொழும்புக்குப் போன் அடிக்க முதல் ரப்பரைத் தடவிப் பார்க்கும்.

அப்புறம் அந்தப் பழைய அண்ணைமாரை மாதத்தில் ஒரு நாளாவது கூப்பிடுங்கள். சான்றிதழ் இல்லாதவரை வகுப்பில் ஏற்ற ஒழுங்கு இடந்தராது என்றால், வகுப்பை அவருடைய மரத்தடிக்குக் கொண்டுபோங்கள். அவர் பாடம் எடுக்கமாட்டார், ஏசுவார். "உப்பிடிப் பிடியாதை, ஆணியின்ரை தலை தேஞ்சிடும்" என்பார். அந்த ஏச்சை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாகன வருமான உத்தரவுப் பத்திரத்துக்கு வருடா வருடம் புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது, இந்தக் கிழவனை அங்கே நிற்கிற பொடியள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். போன வருடம் முதல் தரத்தில் விழுந்தது. வீட்டுக்கு வந்து காபரேற்றரைக் கழற்றி, வெள்ளைக் கோப்பையில் வைத்துக் கழுவினேன். வெள்ளைக் கோப்பை ஏனென்றால் சின்ன ஜெற் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஜெற்றின் துளையை வெளிச்சத்துக்குப் பிடித்தேன், பாதி அடைப்பு. வயரிலிருந்து ஒரு செப்பு இழையை உருவி விட்டெடுத்தேன். ஊசி விடக் கூடாது, துளை பெருத்துவிடும். பூட்டி, காற்று ஆணியை ஒன்றேகால் சுற்று வைத்துக்கொண்டு அடுத்த நாள் போனேன், பாஸ். செலவு, அரைப் போத்தல் பெற்றோலும் குசினிக் கோப்பையைத் தொட்டதற்கு மனிசியின் பேச்சும்.

எந்தச் சனிக்கிழமை என்று சொல்லுங்கள், எம்டியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். பிள்ளைகள் கழற்றட்டும், பிழையாகப் பூட்டட்டும், திரும்பக் கழற்றட்டும். அது மண்ணெண்ணெயையே குடித்த வண்டி, ஒன்றும் ஆகாது. மாமரத்தடி அண்ணையைக் கேட்டுவிட்டேன், பின்சீற்றில் ஏறி வரச் சம்மதம். கோப்பையும் கொண்டு வருவேன். இந்த முறை கடையில் புதிதாக வாங்கியது.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து ஓர் எம்டி 90காரன்