இடது டேங்க், வலது டேங்க்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். செஸ்னா 172-ஐ விட்டுவிட்டு, தாழ்ந்த இறக்கை கொண்ட பைப்பர் விமானம் ஒன்றில் பங்கு வாங்கியிருப்பதாக நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் வாழ்த்துச் சொல்வதற்காக மட்டும் இன்றே பதில் எழுத உட்காரவில்லை. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் ஓட்டிய விமானத்தில், எந்த டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கைப்பிடியான செலக்டரை 'இரண்டும்' என்ற இடத்தில் வைத்துவிட்டால் இரண்டு இறக்கைகளிலிருந்தும் பெட்ரோல் தானாக இறங்கி வந்தது. பைப்பரில் அந்த இடமே கிடையாது. இடது, வலது, மூடு என்று மூன்றுதான். அந்தக் கைப்பிடியும் இடது முழங்காலுக்குப் பக்கத்தில், கண்ணில் எளிதில் படாதபடி இருக்கிறது.

நான் வயலில் இறங்கிய கதையை உங்களிடம் முழுமையாகச் சொன்னதில்லை. அன்று இடது டேங்கில் புறப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்த பிறகு வலதுக்கு மாற்றினேன். அதே நேரத்தில் முன்னால் மழை மேகம் திரண்டதால், ரேடியோவில் பேசுவதும் வரைபடத்தில் வேறு வழி தேடுவதுமாக இருந்தேன். அந்தப் பரபரப்பு அடங்கியதும், இன்னும் டேங்க் மாற்றவில்லையே என்று நினைத்து மறுபடியும் கைப்பிடியைத் திருப்பினேன். அது பெரும்பாலும் தீர்ந்துபோன இடது டேங்குக்கே திரும்பியது. 2,000 அடி உயரத்தில் எஞ்சின் இருமுறை திணறி நின்றது. விசிறி மட்டும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது.

எரிபொருள் பம்பைப் போட்டேன், கார்புரேட்டரில் உறையும் பனியை நீக்கும் ஹீட்டை இழுத்தேன், பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிபார்த்தேன். செலக்டரை மட்டும் தொடவில்லை. மறந்து அல்ல, நிறைந்த டேங்கில்தான் இருக்கிறேன் என்று உறுதியாக நம்பியதால் தொடவில்லை. அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர எனக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. அறுவடை முடிந்த நிலம் ஒன்று எதிர்க்காற்றுக்கு நேராகக் கிடைத்தது. கதவின் தாழைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கினேன். எனக்குக் காயமில்லை. பிறகு வந்த மெக்கானிக் வலது இறக்கையின் மூடியைத் திறந்து, பெட்ரோல் அளவு பார்க்கும் குச்சியை உள்ளே விட்டார். பாதிக்கு மேல் நனைந்து வெளியே வந்த அந்தக் குச்சியை ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்தார்.

எரிபொருள் அடியோடு தீர்ந்து விழுவது ஒரு வகை. கணக்கு தவறுவதாலும் எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிட வலுவாக இருப்பதாலும் அது நேர்கிறது. இறக்கையில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் போகாமல் நிற்பதே என்னை இன்றுவரை வதைக்கிறது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்ததை நீங்கள் அறிவீர்கள். அவருடைய லாங்-ஈசி விமானத்தில் செலக்டர் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப முயன்றபோது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் மிதிகளில் வலதை அறியாமல் மிதித்திருக்கிறார் என்பதே விசாரணையின் முடிவு. விமானத்தைக் கட்டுபவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று நான் அழுத்தமாகவே நம்புகிறேன்.

இப்போது நான் எரிபொருள் மானியை நம்புவதில்லை. புறப்படுமுன் குச்சி விட்டுப் பார்க்கிறேன். பறக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறேன். நிமிட முள் முகப்பின் வலப்பாதியில் இருக்கும்வரை வலது டேங்க், இடப்பாதிக்குப் போனதும் இடது டேங்க் என்பது பழைய விமானிகளின் வழக்கம்; அன்று இதைக் கடைப்பிடித்திருந்தால் ஒரு பார்வையில் என் தவறு தெரிந்திருக்கும். மாற்றிய நேரத்தையும் முழங்காலில் கட்டிய தாளில் எழுதுகிறேன். பகலில் அரை மணி நேர எரிபொருள் இருப்பு போதும் என்கிறது அமெரிக்க விதி. நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைப்பதில்லை. இறங்கும் நேரத்தில், தாழ்வான உயரத்தில் டேங்க் மாற்றுவதுமில்லை.

புதிய விமானத்தை ஓட்டுமுன், எஞ்சினை அணைத்து வைத்த நிலையில் அரை மணி நேரம் அதில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் நின்றுவிட்டதாக எண்ணி, கை தானாக அந்தக் கைப்பிடிக்குப் போகும்வரை பழகுங்கள். அது போகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்